வீடியோ வேகமாக வருகிறது, 2 கேபி ஃபைல்கள் மட்டும் நகர மறுக்கின்றன: என்எஃப்எஸ் ஷேரில் என்ன கோளாறு?

பர்கூர்_கணக்கு கேட்டது:

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். லினக்ஸும் பைத்தானும் வேலைக்காகக் கற்றுக்கொண்டவை, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

சீசனில் பெங்களூரா ரக மாங்காய் லோடு ராத்திரி பகல் பார்க்காமல் வரும். ஒவ்வொரு வண்டிக்கும் எடைமேடையில் ஒரு சீட்டு, கூடவே ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைல்: வண்டி எண், விவசாயி பெயர், லோடு எடை, காலி எடை, கழிவு. ஒன்று 2 கேபிகூட வராது. பல சீசன் சேர்ந்து இப்போது சுமார் 40,000 ஃபைல் இருக்கிறது. எடைமேடை கேபினில் உள்ள சர்வர்தான் இவற்றுக்கு இருப்பிடம். அதன் ஃபோல்டரை என்எஃப்எஸ் ஷேராக, அதாவது நெட்வொர்க் வழியாகச் சொந்த ஃபோல்டர் மாதிரி, ஆபீஸில் திறக்கிறோம். எங்கள் ஆபீஸ் வளாகத்தின் மறுகோடியில், 200 மீட்டருக்கு மேல் இருக்கும். நடுவில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி வயர்லெஸ் டிஷ் போட்டிருக்கிறார்கள்.

யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கூட்டிச் சொல்லும் ஸ்கிரிப்டை ஷேரில் ஓட்டினால் 18 நிமிடம். அதே ஃபோல்டரை என் டிஸ்க்கில் காப்பி செய்து ஓட்டினால் சில செகண்டுதான். லைன் மோசம் என்றும் சொல்ல முடியவில்லை. சிசிடிவி வீடியோ அதே ஷேரிலிருந்து செகண்டுக்கு 22 எம்பி வேகத்தில் இறங்குகிறது. பணம் வாங்க வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்க, நான் கர்சரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓசூர்_பையன்:

மவுன்ட்டில் (ஷேரை உங்க மெஷினில் இணைக்கும் இடம்) நோஏடைம் போடுங்க, ஒரு தடவையில் படிக்கும் அளவான ஆர்சைஸை 1 எம்பி ஆக்குங்க, சர்வர் எக்ஸ்போர்ட்டில் (சர்வர் பக்கத்து ஷேர் அமைப்பு) சிங்கை ஏசிங்க் என்று மாத்துங்க. எங்க ஆபீஸில் இதிலேயே பறந்தது.

பழைய_அட்மின் (தருமபுரி):

ஓசூர் தம்பி சொன்ன மூன்றும் இந்த இடத்துக்குப் பொருந்தாது. நோஏடைமை கிளையன்ட் (ஷேரைத் திறக்கும் உங்கள் மெஷின்) மவுன்ட்டில் போட்டாலும் என்எஃப்எஸ்ஸில் அதற்கு வேலையே இல்லை, ஏடைமை, அதாவது ஃபைலைக் கடைசியாகப் படித்த நேரத்தை, கவனிப்பது சர்வர். 2 கேபி ஃபைலுக்கு 1 எம்பி ஆர்சைஸ் வைத்து என்ன செய்ய? ஏசிங்க் எழுதும் வேகத்துக்கானது, இவர் ஸ்கிரிப்டோ படிக்க மட்டும்தான் செய்கிறது. அதோடு ஏசிங்க்கில், டேட்டா டிஸ்க்கில் இறங்கும் முன்பே சர்வர் "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். நம் பக்கத்துக் கரண்டு லட்சணம் தெரியும்தானே? அந்த நேரம் பார்த்து கரண்டு போனால் விவசாயியின் எடைச் சீட்டு போச்சு. கணக்கு வைத்திருக்கும் இடத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

பர்கூர் தம்பி, அந்த 22 எம்பியை நம்பி ஒரு முடிவுக்கும் வராதீர்கள். வீடியோவை இறக்கும்போது கிளையன்ட் அடுத்தடுத்த துண்டுகளை முன்கூட்டியே கேட்டு வைத்துவிடும், பதிலுக்காகச் சும்மா நிற்காது. உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு ஃபைலைத் திறந்து, பதில் வந்தபின் படித்து, மூடி, அப்புறம்தான் அடுத்ததற்குப் போகும். லாரியை லோடோடு மேடையில் ஏற்றாமல் கூடை கூடையாக இறக்கி எடை போடுவது மாதிரி.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஆபீஸிலிருந்து சர்வருக்கு ஒரு நிமிடம் பிங் (ஒரு சின்னச் செய்தி போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு சராசரி பாருங்கள். வயரில் ஒரு மில்லி செகண்டுக்குள் வர வேண்டும்.

அடுத்து, உங்கள் லோக்கல் நேரத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதுதான் காப்பி செய்த ஃபைல் எல்லாம் மெமரியிலேயே இருக்கும். நீங்கள் அளந்தது டிஸ்க்கை இல்லை, ரேமை. அந்த மெமரியைக் காலி செய்ய, ரூட்டாகப் (நிர்வாகி உரிமையோடு) போய் சிங்க் கட்டளை கொடுத்து, டிராப் கேஷஸில் 3 எழுதிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கடைசியாக, ஸ்கிரிப்ட் ஓடும்போது இன்னொரு டெர்மினலில் என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் (என்எஃப்எஸ் வேலைகளின் நேரத்தைக் காட்டும் கட்டளை) ஓட்டுங்கள். ஆர்டிடி (கேள்வி சர்வருக்குப் போய் பதில் வரும் நேரம்) என்ற கட்டத்தையும் எக்ஸி (உங்கள் மெஷினில் வரிசையில் நின்றதும் சேர்ந்த மொத்த நேரம்) என்ற கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆர்டிடி பிங்கை ஒட்டியே இருந்தால் வழியில்தான் தாமதம். பிங்கைவிட மிக அதிகம் என்றால் சர்வரின் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். எக்ஸி மட்டும் எகிறினால் உங்கள் மெஷினிலேயே வரிசை கட்டி நிற்கிறது. ஸ்ட்ரேஸில் (ஸ்கிரிப்ட் கெர்னலிடம் கேட்கும் சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவி) பார்ப்பதானால் சி ஆப்ஷன் மட்டும் போதாது. அது கெர்னல் செலவழித்த சிபியு நேரத்தைத்தான் கூட்டும், காத்துக் கிடந்த நேரம் வராது. டபிள்யூவும் சேருங்கள். இது தெரியாமல் "சிஸ்டம் கால் எல்லாம் சுத்தம், பைத்தான்தான் ஸ்லோ" என்று அடித்துச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பர்கூர்_கணக்கு:

ரொம்ப நன்றிங்க அண்ணா. பிங் சராசரி 5 மில்லி செகண்ட், சில நேரம் 9க்குப் போகிறது. கேபினுக்குள் இருக்கும் இன்னொரு மெஷினிலிருந்து அடித்தால் 0.3. ஆர்டிடியும் எக்ஸியும் இரண்டுமே 5ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. கேஷைக் காலி செய்தபின் என் லோக்கல் டிஸ்க்கிலேயே 4 நிமிடம் ஆகிறது! பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான்.

பழைய_அட்மின் (தருமபுரி):

பாருங்கள், லோக்கலும் அப்படியொன்றும் பறக்கவில்லை. இப்போது கணக்குப் போடுவோம். ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பது, திறப்பது, படிப்பது, மூடுவது எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ஐந்து தடவை சர்வருக்குப் போய்வருவதாக வையுங்கள். 40,000 ஃபைலுக்கு 2 லட்சம் தடவை. தடவைக்கு 5 மில்லி செகண்ட் என்றால் 1,000 செகண்ட், கிட்டத்தட்ட 17 நிமிடம். உங்கள் 18 நிமிடம் வந்துவிட்டது. சர்வர் மேல் பழி இல்லை.

ஆட்ரிபியூட் கேஷ் (ஃபைலின் அளவு, தேதி போன்ற விவரத்தைக் கிளையன்ட் நினைவில் வைத்திருப்பது) நேரத்தைக் கூட்டினால் "இருக்கிறதா" என்று பார்ப்பது குறையலாம். ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஃபைல் மாறியிருக்கிறதா என்று கிளையன்ட் சர்வரைக் கேட்டே தீரும், அது என்எஃப்எஸ்ஸின் வழக்கம். அதனால் ஸ்கிரிப்டை சர்வரிலேயே ஓட்டிவிடுங்கள். எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்தே சர்வருக்குள் போய் கட்டளை கொடுக்கும் வழி) உள்ளே போய் ஓட்டி, முடிவை மட்டும் ஆபீஸுக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஊத்தங்கரை_கோடர்:

சர்வரில் ஓட்ட அனுமதி கிடைக்கவில்லை என்றால் பைத்தானில் 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) போட்டு ஒரே நேரத்தில் படியுங்கள். போகும் தடவை குறையாது, ஆனால் காத்திருப்பு ஒன்றன்மேல் ஒன்று விழும். முடிந்த சீசன் சீட்டுகளை வருடத்துக்கு ஒரு டார் ஃபைலாக (பல ஃபைல்களைச் சேர்த்த ஒரே ஃபைல்) கட்டி வைத்துவிட்டாலும் பாதிச் சுமை போய்விடும், பழைய சீட்டு இனி மாறப்போவதில்லையே.

பர்கூர்_கணக்கு:

சர்வரிலேயே ஓட்டினேன். காலையில் முதல் தடவை மட்டும் சில நிமிடம் ஆகிறது, அப்புறம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. இன்னும் இரண்டு கேள்வி. எல்லாச் சீட்டையும் ஒரே எஸ்க்யூலைட் (முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைலில் இருக்கும் முறை) ஃபைலாக்கி ஷேரில் வைத்து, ஆபீஸிலிருந்து எல்லாரும் திறக்கலாமா? வயர்லெஸ்ஸுக்குப் பதில் கேபிள் இழுக்கச் சொல்லலாமா?

பழைய_அட்மின் (தருமபுரி):

எஸ்க்யூலைட்டாக்குவது நல்ல யோசனை, ஷேரில் வைப்பதுதான் கூடாது. பல என்எஃப்எஸ் அமைப்புகளில் ஃபைல் லாக் (ஒருவர் எழுதும்போது மற்றவரை நிறுத்தும் பூட்டு) சரியாக வேலை செய்யாது, இரண்டு பேர் ஒன்றாக எழுதினால் டேட்டாபேஸ் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு என்று எஸ்க்யூலைட்டை எழுதியவர்களே எச்சரிக்கிறார்கள். சர்வரின் சொந்த டிஸ்க்கில் வைத்து, ஒரு சின்ன வெப் பக்கம் வழியாக ஆபீஸில் பார்க்கட்டும்.

கேபிள் என்றால் சாதாரண செம்புக் கேபிள் வேண்டாம். 100 மீட்டர்தான் அதற்கு எல்லை. இரண்டு கட்டடத்துக்கு நடுவே இழுத்தால் கோடை இடி சமயத்தில் இரண்டு பக்கத்துப் போர்ட்டும் சேர்ந்து போகும். ஃபைபர் போடச் சொல்லுங்கள், முதலாளியிடம் அந்த 5ஐயும் 0.3ஐயும் எழுதிக் காட்டுங்கள்.