சந்தேகம்: மதியத்துக்கு மேல் வெட்டாத லேசர்

பெருமாநல்லூர் பட்டறை:

வணக்கம். திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில், பனியன் கம்பெனிகளுக்கு அப்ளிக் (ஆடைமேல் வைத்துத் தைக்கும் அலங்காரத் துணி) துண்டுகளும் பேட்சுகளும் ஜாப் ஒர்க்காக வெட்டிக் கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். எந்திரம் 80 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர், கண்ணாடி டியூப், மேசை 1300க்கு 900 மில்லிமீட்டர். வாங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

காலை எட்டரை மணிக்கு ஓட்டத் தொடங்கினால் இரண்டு அடுக்குப் பாலியஸ்டர் துணியைத் தடங்கலின்றி வெட்டுகிறது. பதினொரு மணிக்கு மேல் அடியடுக்கில் அங்கங்கே நூல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று மணிக்கு ஓர் அடுக்கை வெட்டுவதே பெரும்பாடாகிறது. ஆம்பியர் மீட்டரோ காலையிலும் மாலையிலும் அதே 22 மில்லிஆம்பியரைத்தான் காட்டுகிறது. கரண்டை 26 வரை கூட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் பரவாயில்லை, பிறகு முன்பைவிட மோசமாகிவிட்டது. இது போக, மேசையின் வலது முன்மூலை காலையில்கூடச் சரியாக வெட்டுவதில்லை. ஆனால் வெட்டும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி அங்கும் கோட்டின் மேலேயே விழுகிறது.

எந்திரம் விற்றவர் டியூப் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார். மாற்றுவதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இன்னொன்று கேட்டாள்: "துணியை வெட்டுவது சூடுதானே அப்பா, பிறகு ஏன் டியூபுக்குத் தண்ணீர் விட்டுக் குளிர வைக்கிறீர்கள்?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

கணபதி மெக்கானிக்:

அண்ணா, டியூபைக் குறை சொல்வதற்கு முன் மூன்று விவரங்கள் வேண்டும். டியூபிலிருந்து வெளிவரும் தண்ணீரின் சூட்டைக் காலை, முற்பகல், பிற்பகல் ஆகிய மூன்று வேளையும் தெர்மாமீட்டரில் அளந்து எழுதுங்கள். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் எந்திரம்) என்று வாங்கிய பெட்டிக்குள் கம்ப்ரஸர் இருக்கிறதா, அல்லது ரேடியேட்டரும் மின்விசிறியும் மட்டும்தானா என்று திறந்து பாருங்கள். என்ன தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் பறக்கும் பஞ்சுத்தூசி அதன்மேல் படிந்து கருகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எதைத் தொடுவதானாலும் பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் விட்ட பிறகே தொடுங்கள், ஏனென்றால் அந்த டியூப் ஓடும்போது அதற்குச் செல்லும் மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல்.

பெருமாநல்லூர் பட்டறை:

அளந்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு 28 டிகிரி, பதினொன்றரைக்கு 36, மூன்று மணிக்கு 42. சிமென்ட் ஷீட் கூரை என்பதால் பட்டறைக்குள்ளேயே மதியம் 38 டிகிரி இருக்கிறது. பெட்டிக்குள் கம்ப்ரஸர் இல்லை, மின்விசிறிதான். ஊற்றியிருப்பது போர் தண்ணீர். லென்ஸின் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை இருந்தது. லென்ஸ் துடைக்கும் தாளில் சுத்தமான ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் போய்விட்டது. காலையில் வெட்டு சற்றுத் தெளிந்திருக்கிறது, மதியம் பழைய கதைதான்.

கணபதி மெக்கானிக்:

பாதி விடை இதிலேயே இருக்கிறது. விசிறி மட்டும் உள்ள பெட்டி, தண்ணீரைப் பட்டறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்கவே முடியாது. 38 டிகிரிக் காற்றை ஊதி 20 டிகிரித் தண்ணீரைப் பெறும் வழி எதுவும் இல்லை. பெட்டியின் மேல் சில்லர் என்று எழுதியிருக்கலாம், அது வெறும் பெயர். கம்ப்ரஸர் உள்ள சில்லரை வாடகைக்காவது எடுத்து, 20 டிகிரியில் வைத்து ஒரு நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகு டியூபைப் பற்றிப் பேசலாம். போர் தண்ணீரை உடனே வடித்துவிடுங்கள். உப்பு படிந்தால் கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நடுவே அதுவே ஒரு போர்வையாகிவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அந்த உயர் மின்னழுத்தம் தண்ணீர் வழியே கசியவும் இடமுண்டு. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் போதும்.

சென்னிமலைத் தறிக்காரன்:

சில்லருக்கு எதற்குச் செலவு செய்ய வேண்டும்? நான் தண்ணீர்ப் பீப்பாயில் ஐஸ் கட்டிகளைப் போட்டுத்தான் இரண்டு கோடையைத் தள்ளினேன்.

கணபதி மெக்கானிக்:

தம்பி, வறண்ட சித்திரையில் அது செல்லும். ஐப்பசி அடைமழையில் பத்து டிகிரித் தண்ணீரை ஓட விட்டால் டியூபின் வாயிலும் மின்முனைகளிலும் வியர்த்து நீர் கோக்கும். வாயிலுள்ள கண்ணாடியில் ஈரம் படிந்தால் கதிர் அங்கேயே உறிஞ்சப்பட்டு அதன் பூச்சு வெந்துவிடும். சுடும் டியூபுக்குள் திடீரென்று ஐஸ் தண்ணீர் போனால் கண்ணாடியில் விரிசல் விழவும் கூடும். ஐஸ் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாகப் போட்டு 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபி இயற்பியல் ஆசிரியர்:

உங்கள் மகளின் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். பாடத்தைப் படித்துத் தேர்வெழுதிவிட்டுப் போகும் மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே அரிது.

துணியின்மேல் விழுந்த பிறகுதான் அந்த ஒளி சூடாகிறது. டியூபுக்குள் அது பிறப்பது சூட்டினால் அன்று. அடுப்புக்கரியும் குண்டுபல்பின் இழையும் சூட்டினால் ஒளிர்பவை, ஆகவே எவ்வளவு சூடோ அவ்வளவு ஒளி. லேசரின் கணக்கு வேறு. ஆற்றல் பெற்று மேல்நிலைக்கு ஏறிய, அதாவது கிளர்ச்சியுற்ற, ஒரு மூலக்கூறின் அருகே அதற்குப் பொருத்தமான ஒளித்துகள் ஒன்று சென்றால், அந்த மூலக்கூறு அதே திசையில், அதே அலைநீளத்தில், அலையின் ஏற்ற இறக்கமும் ஒத்துப்போகும்படி அதே கட்டத்தில் இன்னொரு ஒளித்துகளை வெளியிடும் என்று ஐன்ஸ்டைன் 1917இல் காட்டினார். ஆனால் கீழ்நிலையில் இருக்கும் மூலக்கூறு அதே ஒளித்துகளை விழுங்கிவிடும். பெருக்குபவை விழுங்குபவற்றைவிட மிகுந்திருந்தால்தான் ஒளி வளரும். இயல்பான வெப்பச் சமநிலையில் உள்ள எந்தப் பொருளிலும், அதை எவ்வளவு சூடாக்கினாலும், மேல்நிலையில் உள்ளவை கீழ்நிலையில் உள்ளவற்றைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே லேசருக்கு வேண்டியது சூடு அல்ல, தலைகீழான ஓர் எண்ணிக்கை. அந்தத் தலைகீழ் நிலையைச் செயற்கையாக உண்டாக்கி, 1960 மே 16 அன்று மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றவர் தியோடர் மைமன்.

உங்கள் டியூபுக்குள் இருப்பது, மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய லேசரின் வழிவந்தது. அதில் கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் என்று மூன்று வாயுக்கள் உள்ளன. மின்சாரம் முதலில் நைட்ரஜனை அதிரச் செய்கிறது. நைட்ரஜனால் அந்த அதிர்வை ஒளியாக வெளியிட முடியாது என்பதால் அதைச் சுமந்துகொண்டே அலைந்து, மோதும்போது கார்பன் டை ஆக்சைடிடம் கைமாற்றிவிடுகிறது. இவ்வாறு ஏறக்குறைய 0.29 எலக்ட்ரான் வோல்ட் (மூலக்கூறு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) உயரத்துக்கு ஏற்றப்பட்ட மூலக்கூறு 0.17க்கு இறங்குகையில், இடைப்பட்ட 0.12 எலக்ட்ரான் வோல்ட்தான் 10.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள ஒளியாக வெளிவருகிறது. மிச்சமுள்ள 0.17 முழுவதும் சூடாகிறது. அதாவது வேறெந்த இழப்புமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மூலக்கூறுக்குக் கொடுத்த ஆற்றலில் ஐந்தில் மூன்று பங்கு ஒளியாவதில்லை.

இனிதான் உங்கள் மதிய நேரத்துச் சிக்கல் வருகிறது. ஒளியை வெளியிட்டுக் கீழே இறங்கிய மூலக்கூறு, மறுபடி ஏற்றப்படுவதற்கு முன் அடிமட்டத்துக்கு வந்தாக வேண்டும். வழியில் சுமார் 0.08 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் நிற்பவற்றைத் தட்டி இறக்கி, சூட்டை டியூபின் சுவருக்குக் கொண்டு சேர்ப்பது ஹீலியத்தின் வேலை. சுவரிலிருந்து அதை அள்ளிச் செல்வது உங்கள் தண்ணீர். பவானிசாகர் அணையின் மின்நிலையத்தை நினைத்துப் பாருங்கள். சுழலியைச் சுற்றுவது மேல்மட்ட நீருக்கும் கீழ்மட்ட நீருக்கும் உள்ள உயர வேறுபாடு; வெளியேறிய நீர் ஓடாமல் கீழேயே தேங்கி ஏறினால், அணை நிறைந்திருந்தும் சுழலி சோரும். தண்ணீர் 42 டிகிரியில் ஓடும்போது வாயு இன்னும் பல மடங்கு சூடாக இருக்கும். அந்தச் சூடே மூலக்கூறுகளை 0.08 படிக்கும் அதற்கு மேலும் தள்ளி ஏற்றி, கீழ்நிலையை நிரப்பிவிடும். மேலே ஏற்றும் வேலை குறையவில்லை, கீழே வடிவதுதான் நின்றுபோகிறது.

உங்கள் ஆம்பியர் மீட்டர் உள்ளே போகும் மின்னோட்டத்தை அளக்கிறது, வெளியே வரும் ஒளியை அன்று. ஒளியாகாத மின்சாரம் எல்லாம் சூடாகிறது. கரண்டைக் கூட்டியபோது முதலில் நன்றாக வெட்டிப் பிறகு மோசமானதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பெருமாநல்லூர் பட்டறை:

வாத்தியார் ஐயாவுக்கு மிக்க நன்றி. மகள் இதைப் படித்துவிட்டு, எட்டு வாட் டார்ச்சு சட்டையைக்கூடச் சுடுவதில்லை, 80 வாட் மட்டும் எப்படித் துணியை அறுக்கிறது என்று அடுத்ததைத் தொடங்கிவிட்டாள். எனக்கு அந்த வலது மூலைதான் இன்னும் புரியவில்லை. சிவப்புப் புள்ளி சரியாக இருக்கும்போது கதிர் மட்டும் எப்படி விலகும்?

கணபதி மெக்கானிக்:

அந்தச் சிவப்புப் புள்ளி வெட்டும் கதிரே அல்ல அண்ணா. வெட்டும் கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. சிவப்பு வருவது, லென்ஸ் இருக்கும் தலையில் திருகி வைத்த ஒரு சிறு டையோடிலிருந்து. தலை போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போவதால் மூலையிலும் சரியாகத்தான் விழும். வெட்டும் கதிரோ டியூபிலிருந்து கிளம்பி மூன்று மிரர்களில் பட்டுத் திரும்பித் தலைக்கு வருகிறது. முதல் மிரர் சற்றே சாய்ந்திருந்தாலும் தூரம் போகப் போக விலகல் கூடும்.

இரண்டாம் மிரரின் முகப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, தலையைத் தாங்கி நகரும் பாலத்தைப் பின்னால் தள்ளி ஒரு நொடிக்கும் குறைவாக ஒரு சுடு, முன்னால் இழுத்து இன்னொரு சுடு. மூடியைச் சாத்திய பிறகே சுட வேண்டும். மூடியிலுள்ள அக்ரிலிக் இந்தக் கதிரைத் தடுத்துவிடும். திறந்து வைத்துச் சுட்டால், தெறிக்கும் கதிர் விழியின் முன்படலத்தைப் பொசுக்கும். இரண்டு தழும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். 900 மில்லிமீட்டர் தூரத்தில் 4 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மிரர் சாயும் கோணத்தைப் போல இரு மடங்கு கதிர் திரும்பும் என்பதால், திருத்த வேண்டியது அதில் பாதிக் கோணம்தான். பெரும்பாலும் திருகை ஐந்தில் ஒரு சுற்றுத் திருப்பினாலே போதும். அரைச் சுற்று, முழுச் சுற்று என்று திருப்பிவிட்டுக் கதிரையே தொலைத்தவர்களின் எந்திரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோபி இயற்பியல் ஆசிரியர்:

அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லேசர் கதிர் விரியாமல் நேராகப் போகும் என்பது பலரும் நம்பும் பிழை. டியூபை விட்டு 6 மில்லிமீட்டர் அகலத்தில் கிளம்பும் உங்கள் கதிர், 2.2 மீட்டர் கடந்து வலது முன்மூலைக்குப் போய்ச் சேரும்போது ஏறக்குறைய 8 மில்லிமீட்டராக விரிந்திருக்கும். விரிந்த கதிர் ஓரமாகவும் வந்தால், தலையின் வாயிலேயே ஒரு பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

மகளின் டார்ச்சுக் கேள்விக்கும் இந்த அகலமே விடை. 6 மில்லிமீட்டர் வட்டத்தில் பரவிய 80 வாட் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 280 வாட்தான். மிரர்கள் அதைத் தாங்கித் திருப்பியனுப்பிவிடுகின்றன. இரண்டு அங்குல லென்ஸ் அதையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளியாக்கும்போது, சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வாட் ஆகிவிடுகிறது. டார்ச்சின் ஒளி எல்லாத் திசையிலும் கலைந்து புறப்படுவதால் எந்த லென்ஸாலும் அதை இவ்வளவு சிறிய புள்ளியாக்க முடியாது. அந்தப் புள்ளிக்கு மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் வரைதான் கூர்மை இருக்கும் என்பதால், துணி சுருண்டு எழும்பினாலும் வெட்டுக் கெடும்.

கோவை நேம்பிளேட்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். பம்ப் நேம்பிளேட்டுக்கான எவர்சில்வர் தகட்டை இதே 80 வாட் எந்திரத்தில் வெட்ட முடியுமா?

கணபதி மெக்கானிக்:

முடியாதுங்க. 10.6 மைக்ரான் ஒளியைப் பளபளப்பான உலோகம் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். அதற்கு 1 மைக்ரான் அளவில் ஓடும் ஃபைபர் லேசர் வேண்டும். அந்தக் கதிர் விழித்திரை வரை போய்விடும் என்பதால், இந்த எந்திரத்தின் அக்ரிலிக் மூடி அதற்கு உதவாது.

பெருமாநல்லூர் பட்டறை:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். கம்ப்ரஸர் சில்லரை மாத வாடகைக்கு எடுத்தேன். தண்ணீரை மாற்றி 20 டிகிரியில் வைத்திருக்கிறேன். மதியம் மூன்று மணிக்கு, 20 மில்லிஆம்பியரிலேயே இரண்டு அடுக்கும் அறுந்து விழுகிறது. டேப்பில் இரண்டு தழும்புக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் இருந்தது. முதல் மிரரைத் திருத்திய பிறகு வலது மூலையும் வெட்டுகிறது. டியூபை இப்போதைக்கு மாற்றவில்லை. ஒரு கம்பெனியிலிருந்து ரெக்ஸின் பேட்ச் வெட்டித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள், வெட்டலாமா?

கணபதி மெக்கானிக்:

ரெக்ஸினில் பிவிசி இருந்தால் வேண்டாம். வெட்டும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும்; அது நுரையீரலையும் கெடுக்கும், ஈரக் காற்றோடு சேர்ந்து தண்டவாளத்தையும் மிரரையும் அரித்துவிடும். அந்தத் துணியில் பிவிசி இல்லை என்று எழுதி வாங்கிய பிறகே கை வையுங்கள். டியூபைப் பொறுத்தவரை, இன்றைய தேதி, தண்ணீர் 20 டிகிரி, 20 மில்லிஆம்பியர், எந்தத் துணி எந்த வேகத்தில் அறுந்தது என்று எழுதி எந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். மாதம் ஒரு முறை அதே துணியை அதே அளவுகளில் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் 20 டிகிரியில் இருந்து, லென்ஸும் சுத்தமாக இருந்து, வேகத்தை மட்டும் குறைக்க வேண்டி வந்தால் அப்போது டியூப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளலாம்.