சீரத்தை 56 டிகிரியில் வைப்பது எதற்கு?

வாட்டர்பாத் வாசு: டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) இரண்டாம் வருடம். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான விடிஆர்எல் டெஸ்ட் செய்யும் முன் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) 56 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கச் சொல்கிறார்கள். கேட்டால் "காம்ப்ளிமென்ட் போக" என்று ஒரே பதில். அதே சூட்டில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) மட்டும் எப்படித் தப்பிக்கிறது? புத்தகத்தில் வேறு காம்ப்ளிமென்ட் புரதங்கள் சி1, சி4, சி2, சி3 என்று வரிசை தாறுமாறாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வைவா (வாய்மொழித் தேர்வு).

ஓய்வுபெற்ற லேப்காரர்: தம்பி, முப்பது வருடம் அந்த வெந்நீர்த் தொட்டி பக்கத்தில் நின்றவன் நான். வரிசையில் தப்பில்லை, கண்டுபிடித்த கணக்கில் நம்பர் போட்டுவிட்டார்கள். சி4 இரண்டாவதாக வேலை செய்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

சூட்டு விஷயம் 1890களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல் போர்டே பார்த்தது. காலரா கிருமியைக் கொல்லும் சீரத்தைச் சூடாக்கினார், கொல்லவில்லை. தடுப்பூசியே போடாத விலங்கின் புதுச் சீரம் கொஞ்சம் சேர்த்தார், மறுபடி கொன்றது. ஆக, சூடு தாங்கும் ஆன்டிபாடி ஒன்று, சூடு தாங்காத துணை ஒன்று, அதுதான் காம்ப்ளிமென்ட். 1919 நோபல் அவருக்குத்தான்.

உடம்பில் நடப்பது இதுதான். கிருமி மேல் ஆன்டிபாடி உட்கார்ந்ததும் சி1 அதைப் பிடிக்கும். சி4, சி2 வெட்டுப்படும். அவை சேர்ந்து சி3-ஐ வெட்டும். முக்கியமான இடம் இது. சி3பி துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிருமி மேல் அப்பிக்கொள்ளும், விழுங்கும் செல்கள் அதைப் பார்த்துத்தான் கவ்வும். கடைசியில் சி5 முதல் சி9 வரை கூடிச் சவ்வில் ஓட்டை போடும். ஆன்டிபாடி இல்லாமலே தொடங்கும் வழிகள் இன்னும் இரண்டு உண்டு. வைவாவில் எல்லோரும் ஓட்டையைத்தான் சொல்வார்கள், நீ சி3-ஐச் சொல்.

கீழ்த்தெரு மீனா: என் அக்காவுக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். சி3, சி4 குறைந்தால் டாக்டர் உடனே சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்வார். சரியாக உற்பத்தி ஆகவில்லை என்று பயந்தோம். கல்லீரல் செய்துகொண்டுதான் இருக்கிறதாம். அதைவிட வேகமாகச் செலவாகிறதாம்.

வாட்டர்பாத் வாசு: அப்படியென்றால் நம் செல்லில் ஏன் ஓட்டை விழுவதில்லை?

ஓய்வுபெற்ற லேப்காரர்: நம் செல் மேல் சிடி55, சிடி59 என்று காவல் புரதங்கள் இருக்கின்றன. அவை இல்லாத சிவப்பணு உடைந்து, காலையில் சிறுநீர் கறுப்பாகப் போகும் நோய் ஒன்று உண்டு, பிஎன்எச். அதற்கு 2007இல் வந்த எக்குலிசுமாப் என்ற மருந்து சி5-ஐக் கட்டிப்போடும். ஆனால் அந்த ஓட்டைக்கு மிகவும் பயப்படும் கிருமி, மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ். அதனால் முதலில் அதற்குத் தடுப்பூசி, பிறகு மருந்து.

இன்னொன்று. சூடாக்கி நாலு மணி நேரம் தாண்டிவிட்டால் அப்படியே டெஸ்ட் போடாதே, 56இலேயே மறுபடி பத்து நிமிடம் வை. ஆர்பிஆர் கிட் (அதே சிபிலிஸுக்கான இன்னொரு டெஸ்ட்) என்றால் சூடே வேண்டாம், அதில் சூட்டின் வேலையைச் செய்யும் கோலின் குளோரைடு இருக்கிறது. வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.