மீனுக்குள் அடங்கிய நொதி குழாயில் அடங்க மறுக்கிறதே, ஏன்?

கேள்வி:
கெண்டைக் குஞ்சுகளை மாலத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் 96 மணி நேரம் விட்டிருந்தேன். மூன்றாம் நாளே சில ஒருக்களித்து நீந்தின; தொட்டியை லேசாகத் தட்டினாலும் விருட்டென்று துள்ளின. மூளையை எடுத்து எல்மன் முறையில் (நொதி வேலை செய்தால் மஞ்சள் நிறம் ஏறும் சோதனை) பார்த்தால், நரம்புச் சைகையை அணைக்கும் அசிட்டைல்கோலின்எஸ்ட்ரேஸ் நொதி, மருந்து படாத மீன்களில் இருந்ததில் பாதிகூட இல்லை. இதுவரை சரி. அப்புறம், மருந்து படாத மீனின் மூளைச் சாற்றில் அதே மாலத்தியானை நேராக விட்டு, அரை மணி நேரம் கழித்து அளந்தேன். 412 நானோமீட்டரில் மஞ்சள் நிறம் வழக்கம்போல் ஏறுகிறது! தொட்டியில் விட்டதைவிடப் பல மடங்கு விட்டும் அப்படியே. கெட்டது மருந்தா, என் கைவேலையா?

பதில் 1:
இரண்டும் இல்லை. மாலத்தியானில் பாஸ்பரஸோடு இரட்டைப் பிணைப்பில் இருப்பது கந்தகம். அந்த வடிவத்தில் அது நொதியின் வினை நடக்கும் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தைச் சரியாகப் பிடிக்காது. மீனின் கல்லீரலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதி அந்தக் கந்தகத்தைக் கழற்றி ஆக்சிஜனை மாட்டுகிறது. அப்படி வரும் மாலாக்ஸான்தான் நிஜமான விஷம். உங்கள் குழாயில் கல்லீரலும் இல்லை, அந்த வேலைக்கு வேண்டிய என்ஏடிபிஹெச் என்ற துணைப்பொருளும் சேர்க்கவில்லை. மாலாக்ஸானையே விட்டுப் பாருங்கள், மஞ்சள் ஏறும் கோடு படுத்துவிடும். நானும் குளோர்பைரிபாஸ் என்ற இதே வகைப் பூச்சிமருந்தில் இப்படி மாட்டிக்கொண்டு, இரண்டு வாரம் பஃபரைத் திட்டிக்கொண்டிருந்தவன்தான்.

பதில் 2:
நொதி உடைக்க வேண்டிய அசிட்டைல்தயோகோலினை விடாமலே மஞ்சள் ஏறுகிறதா பாருங்கள். மூளைச் சாற்றில் இருக்கும் தயால்களும் (கந்தகச் சேர்மங்கள்), மஞ்சள் நிறம் தரும் டிடிஎன்பியோடு வினைபுரியும். அதைக் கழிக்காவிட்டால் அடங்கிய நொதியும் வேலை செய்வதுபோலவே தெரியும்.

கேட்டவர்:
அதைக் கழித்துத்தான் கணக்கிட்டேன். மாலாக்ஸானுக்குச் சொல்லிவிட்டேன், நன்றி. கூடவே இன்னொன்று: கார்பரில் என்ற இன்னொரு பூச்சிமருந்து விட்ட தொட்டியில் நடுங்கிய மீன்களின் மூளையில் நொதி கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. இதற்கும் கல்லீரல்தானா?

பதில் 1:
இல்லை, கார்பரில் நேராகவே பிடிக்கும். ஆனால் பிடி தளர்ந்தது. மாலத்தியான் வகையான ஆர்கனோபாஸ்பேட் பிடித்து இறுகிவிட்டால் புது நொதி உருவாகித்தான் ஈடாக வேண்டும்; கார்பரில் வகையான கார்பமேட் தானாகவே கழன்றுவிடும். அரைத்த சாற்றை எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்?

கேட்டவர்:
நன்றாக நீர்த்து மேசை மேல் வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து அளந்தேன். மூன்று மணி நேரம் இருக்கும்.

பதில் 1:
அந்த மூன்று மணி நேரத்தில்தான் கழன்றிருக்கிறது. அடுத்த முறை மூளையை எடுத்ததும் உறைய வையுங்கள். அதிகம் நீர்க்காமல் அரைத்து, அரைத்த கையோடு அளந்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.