புதுப்பிப்பு: ஜீப்பின் சிவப்பு பிரேக் விளக்கு, காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும்: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஹேண்ட்பிரேக் போடாமலே சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பிரேக் ஆயில் குறைந்திருக்கும் என்று நிறையப் பேர் சொன்னீர்கள். பார்த்தேன், அளவு சரியாகவே இருந்தது, நாலு சக்கரத்துக்கு உள்பக்கமும் கசிவு இல்லை. அடுத்து ஆயில் டப்பாவின் மிதவை சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு மேடுபள்ளத்தில் ஓட்டினேன், அப்போதும் எரிந்தது. அப்போ காரணம் சென்சார் இல்லை. ஹேண்ட்பிரேக் சுவிட்ச் ஒயரையும் கழற்றினேன், அதற்கும் அடங்கவில்லை.

அந்த சுவிட்சுக்கு வருவது ஒற்றை ஒயர்தான், ஹேண்ட்பிரேக் லீவரைத் தூக்கினால் அந்த ஒயர் ஜீப்பின் இரும்பு பாடியோடு சேர்ந்து விளக்கு எரியும், அப்படியானால் வேறெங்கோ அது பாடியைத் தொடுகிறது என்று சீட்டைக் கழற்றி தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், சீட் தண்டவாளத்தின் விளிம்பில் உரசி உரசி ஒரு விரல்கடை நீளத்துக்கு உறை தேய்ந்து செம்பு பளபளவென்று தெரிந்தது! புது ஒயர் இணைத்து, குழாய் உறை போட்டு, தண்டவாளத்தை விட்டுத் தள்ளிக் கட்டிவிட்டேன். இரண்டு நாள் கரடுமுரடில் ஓட்டியாயிற்று, விளக்கு எரியவில்லை.

அப்புறம் இன்னொன்று. டப்பாவில் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் இழுத்துவிட்டால் 155 வரை இறங்கலாம், மலை இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். அதையும் மாற்றிவிட்டேன். சென்சாரைக் கழற்றிப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி.