பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டே கேலி பேசுபவரிடம் என்ன சொல்வது?

தும்பி:
குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் கூட்டிப்போக வரும் ஒரு அப்பா, மகன் பக்கத்தில் நிற்கும்போதே, "இந்த அழுமூஞ்சி இன்னிக்கும் ஒப்பாரி வெச்சானா?" என்று சிரிப்பார். அவன் முகம் தொங்கிவிடும். அவனுக்கு எல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் பேச்சு வரவில்லை. அப்புறம் என்னிடம், "உங்களுக்கென்ன, நாள் முழுக்க விளையாட்டுதானே" என்பார். காய்ச்சல் வரப்போவதைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பதும், ஒருவன் இன்னொருவனைக் கடிக்கும் முன் கையைக் குறுக்கே நீட்டுவதும் விளையாட்டா? என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். அவனைச் சொல்வதை எப்படி நிறுத்துவது?

வேம்பு:
வாசலில் வைத்துத் திருத்தாதீர்கள். அவருக்கு அவமானமாகிவிட்டால் அந்தக் கோபம் பிள்ளை மேல்தான் இறங்கும். பேச்சை அவன் பக்கம் திருப்புங்கள். குனிந்து, "மணல்ல என்ன கட்டின, அப்பாகிட்ட சொல்றியா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த வயதில் சொல் தேட நேரம் பிடிக்கும், அதற்குள் பெரியவர்கள் நாம் முந்திக்கொள்கிறோம்.

அழுகையைப் பற்றி அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். உணர்ச்சியை அடக்கி ஆளும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதுக்கு மேலும் ஆகும். நாளெல்லாம் சமாளித்த பிள்ளை அப்பாவைப் பார்த்ததும் உடைந்து அழுவது, அவரிடம் அழலாம் என்ற நம்பிக்கையில்தான். இதைக் கேட்ட பிறகு கேலி செய்ய மனம் வராது என்று நினைக்கிறேன்.

கரிச்சான்:
வேம்பு சொன்னது சரி. ஆனால் தும்பி, "என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன்" என்பதை ஏற்க மாட்டேன். உங்கள் வேலையை வெறும் விளையாட்டு என்று நினைப்பதால்தான் சம்பளம் குறைகிறது, ஒரே ஆளிடம் நிறையப் பிள்ளைகளை விடுகிறார்கள், நல்ல ஆட்கள் விலகிப் போகிறார்கள். கடைசியில் நஷ்டம் அந்தப் பையனுக்கே.

புடாபெஸ்டில் 1946இல் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லர், கைக்குழந்தையைக்கூட 'தூக்கப் போகிறேன்' என்று சொல்லி, அது தயாராகும்வரை காத்திருந்துதான் தூக்க வேண்டும் என்று பழக்கினார். கவனிப்பவரின் வேலையை அவர் அவ்வளவு பெரிதாக மதித்தார். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, குழந்தையின் மானத்துக்கும் நற்பெயருக்கும் பாதுகாப்பு உண்டு என்கிறது. அந்த அப்பாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். 'பிள்ளையின் முன்னால் அதைக் குறைவாகப் பேச வேண்டாம்' என்று எல்லாப் பெற்றோருக்கும் காப்பகமே பொதுவாகச் சொல்லட்டும்.

தும்பி:
இருவருக்கும் நன்றி. பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அவருக்கு ஃபோன் செய்கிறேன். அந்த அழுகை அவரைத் தேடித்தான் என்பதை முதலில் சொல்வேன். என் வேலையைப் பற்றியும் அப்போதே பேசிவிடுகிறேன்.