தொடை இடுக்கில் இருந்த கருப்புப் புண்

என் பையனுக்கு ஒன்பது வயது. ஏழு நாளாகக் காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்தால் இறங்கும், நாலைந்து மணி நேரத்தில் மறுபடி 103. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். டைபாய்டாக இருக்கும் என்று செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள், மூன்று நாள் ஆகியும் அசையவில்லை. தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன, முகம் லேசாக வீங்கியிருந்தது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "சட்டையைக் கழற்றுப்பா" என்றார். காதுக்குப் பின்னால், முடிக்குள், அக்குள், முதுகு. எதுவும் இல்லை. அப்புறம் டவுசரையும் இறக்கச் சொன்னார். பையன் வெட்கத்தில் நெளிந்தான். தொடை இடுக்கில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு புண். நடுவே கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. டாக்டர் என்னைப் பார்த்ததும், நான்தான் சூடு வைத்தேன் என்று நினைத்துவிட்டாரோ என்று பதறிப்போனேன்!

ஸ்க்ரப் டைபஸாம். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடம் வலிக்காது, அரிக்காது, அதனால் பிள்ளைகள் சொல்லவும் மாட்டார்கள். கிருமி செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதால் செஃபிக்ஸிம் வகை மருந்துகள் எடுபடாதாம். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே டாக்சிசைக்ளின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் தொடங்கினார். மறுநாள் இரவே உடம்பு குளிர்ந்துவிட்டது. ஐஜிஎம் (இந்தக் கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் என்று ரிசல்ட் வந்தபோது பையன் எழுந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

*

உங்கள் பதிவைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. எங்கள் மகளுக்கு ஐந்து வயதில் இதே காய்ச்சல். எட்டு வயதுக்குள் டாக்சிசைக்ளின் கொடுத்தால் பல்லில் கறை படியும் என்று கேள்விப்பட்டு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். சில நாள் மட்டும் கொடுப்பதால் அந்தக் கவலை வேண்டாம் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் கொடுத்தேன். இப்போது நிலைப்பற்கள் முளைத்துவிட்டன, கறை எதுவும் இல்லை.

*

குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் எல்லாருக்கும் அது இருக்காது. ஈரமான இடுக்குகளில் பொருக்கு கழன்று வெறும் சிராய்ப்பு போலவும் தெரியும். புண் இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று விட்டுவிட முடியாது. பதிவு போட்டவரிடம் ஒரு சந்தேகம், பையனைக் குளிப்பாட்டும்போதுகூடவா கண்ணில் படவில்லை?

*

எங்கே? போன வருடத்திலிருந்து அவனேதான் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறான். இந்தக் கூத்துக்கு அப்புறம் தாழ்ப்பாளும் போடுகிறான்.