டிரெயில் பிரேக்கிங்: தமிழில் என்ன சொல்வது?

கும்பகோணத்திலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். பந்தயத்தடத்தில் வேகக் கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியலில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அபெக்ஸுக்கு 'உச்சி' வேண்டாம், 'தொடுபுள்ளி' போதும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். வட்டத்தைத் தொடுகோடு தொடும் இடத்துக்குப் பள்ளிக்கூட வடிவியலில் அதுதான் பெயர். கார் வளைவின் உள்விளிம்பைத் தொட்டுப் போவதும் அப்படித்தான்.

சிக்கி நிற்பது டிரெயில் பிரேக்கிங். வளைவுக்கு முன்னால் நேர்கோட்டில் முழு பிரேக் பிடிக்கிறோம். ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும் இடத்தில் காலை எடுத்துவிடுவதில்லை. திருப்பம் கூடக் கூட அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், தொடுபுள்ளி அருகே முழுவதும் விடுகிறோம். இதற்குப் பட்டியலில் இப்போது இருப்பது 'பின்தொடர் தடுப்பு'. எது எதைப் பின்தொடர்கிறது என்று படிக்கிறவர் கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. கால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். தேய்பிறையை நினைத்து 'தேய்தடை' என்று முன்மொழிகிறேன்.

பட்டுக்கோட்டையிலிருந்து:

ஐயா, 'தேய்' வேண்டாம். பட்டறையில் 'பிரேக் தேஞ்சுபோச்சு' என்றால் பேடு மாற்ற வேண்டும் என்று பொருள். வேகக் கார் ஓட்டப் போகிறவர் காதில் அந்தச் சொல் விழவே கூடாது. 'தடை'யும் இடிக்கிறது. இயற்பியலில் மின்தடை, நாளிதழில் தடை உத்தரவு. பிரேக் பிரேக்காகவே இருக்கட்டும். அதற்கு முன்னால் வரும் வினையைத்தான் நாம் தேட வேண்டும்.

வினையைத் தேடுமுன் காருக்குள் நடப்பதைக் கணக்காகப் பார்த்துவிடுவோம். 1500 கிலோ கார், நான்கு சக்கரத்திலும் சமபாரம், அதாவது முன்னால் 750, பின்னால் 750. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டர். 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான) அளவுக்கு பிரேக் பிடித்தால் 300 கிலோ முன்னால் வந்துவிடும். முன்னால் 1050, பின்னால் 450. நெல் மூட்டை ஏற்றும் மாட்டு வண்டியில் இதற்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: முன்பாரம். வண்டி முன்பாரமானால் நுகம் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரமானால் நுகம் மேலே தூக்கும். வண்டிக்காரர் மூட்டையை நகர்த்திச் சரிசெய்வார். காரில் மூட்டையை நகர்த்துவது பெடல். வெயிட் டிரான்ஸ்ஃபருக்குப் 'பாரமாற்றம்' என்றும், பிரேக் பிடித்த நிலைக்கு 'முன்பாரம்' என்றும் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது டிரெயில் பிரேக்கிங் ஏன் என்பது விளங்கும். திருப்புவது முன் டயர். அதன் மேல் பாரம் இருந்தால் பிடிப்பு கூடும். திருப்பத் தொடங்கும் நொடியில் காலைச் சட்டென்று எடுத்தால் 1050 மறுபடி 750 ஆகிறது, மூக்கு எழும்புகிறது, கார் திரும்பாமல் வெளிவிளிம்பை நோக்கி ஓடுகிறது. எடுக்காமல் அதிக அழுத்தத்தோடு திருப்பினால், பாரம் குறைந்து நிற்கும் பின்பக்கம் வீசி, கார் சுற்றிவிடக்கூடும். இரண்டு தவறுக்கும் நடுவில் இருக்கிற வித்தை இது.

திருவாரூரிலிருந்து:

'பிரேக்' என்பதற்குத் தமிழே இல்லை என்பதுபோல் விடுவது சரியா? ஆழித்தேரை நிறுத்துவதும் திருப்புவதும் முட்டுக்கட்டையால்தான். 'கட்டை' என்ற சொல்லை இதற்கு எடுத்துக்கொள்ளலாமே. 'தளர்கட்டை' எப்படி?

மன்னார்குடியிலிருந்து:

திருவாரூர் அன்பருக்கு: முட்டுக்கட்டை அருமையான சொல், ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தாது. சக்கரத்தின் கீழே கட்டையைப் போட்டால் தேர் நிற்கும், எடுத்தால் ஓடும். முக்கால் கட்டை, கால் கட்டை என்று குறைத்துக்கொண்டே போக வழியில்லை. நமக்கு வேண்டியதோ அந்தக் குறைத்தல்தான். ஆழித்தேருக்கே இப்போது ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது, அதையும் எல்லோரும் பிரேக் என்றுதான் சொல்கிறார்கள்.

என் முன்மொழிவு: வடிபிரேக்.

வயலில் தண்ணீர் கூடுதலாக நின்றால் இரண்டு வழி உண்டு. வரப்பை வெட்டிவிடலாம், அல்லது வடியவிடலாம். வெட்டிவிட்டால் தண்ணீரோடு மண்ணும் போகும், கீழ்வயலும் கெடும். வடியவிட்டால் முதலில் விசையாகப் போய், மட்டம் இறங்க இறங்க மெதுவாகி, தானாக நிற்கும். பெடலை விட வேண்டிய விதமும் இதேதான். 'பிரேக்கை வெட்டிவிடாதே, வடியவிடு' என்றால் டெல்டாவில் பிறந்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வடிகால் போல வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. 'வடிப்பிரேக்' என்று எழுத வேண்டாம்.

இன்னொரு காரணம், எனக்கு இதுவே பெரிது. பயிற்றுநர் பக்கத்து இருக்கையிலிருந்து ஹெல்மெட் மைக்கில் சொல்லும் சொல் இது. மணிக்கு 200 கிலோமீட்டரில் கார் ஒரு நொடியில் 55 மீட்டர் போகிறது. 'பின்தொடர் தடுப்பு செய்யுங்கள்' என்று சொல்லி முடிப்பதற்குள் வளைவு போய்விடும். 'வடி' என்பது இரண்டே எழுத்து. 'பிடி... பிடி... வடி... விடு' என்று தாளத்தோடு வரும்.

பிடிப்புக் கணக்கையும் பட்டியலின் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். டயருக்கு இருக்கிற மொத்தப் பிடிப்பை 100 என்று வைத்துக்கொண்டால், பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அதைப் பங்கிடுவது கூட்டல் கழித்தல் அல்ல, 100-ஐக் கர்ணமாகக் கொண்ட செங்கோண முக்கோணம். பிரேக்குக்கு 80 கொடுத்தால் திருப்பத்துக்கு 20 அல்ல, 60 மிஞ்சும். 60 கொடுத்தால் 80. 30 மட்டும் கொடுத்தால் 95. கடைசி 30 விழுக்காடு பிரேக்கை வளைவுக்குள் கொண்டுபோவதால் திருப்பத்தில் இழப்பது ஐந்தே பங்குதான், பதிலுக்கு முன்பாரம் கிடைக்கிறது. ஆனால் 100 கொடுத்தால் திருப்பத்துக்குச் சுழியம். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இல்லாத காரில் முன்சக்கரம் பூட்டி வழுக்கும்போது ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் கேட்காததற்கு இதுவே காரணம்.

நாகப்பட்டினத்திலிருந்து:

மன்னார்குடி அண்ணாவின் சொல் பிடித்திருக்கிறது. ஒரு தடங்கல்: பட்டறையில் பழைய ஆயிலை வெளியேற்றுவதையும் 'வடிக்கிறது' என்கிறார்கள். 'பிரேக்கை வடி' என்றால் பிரேக் ஆயிலை இறக்கச் சொல்வதாகப் படாதா?

சொல்லைவிட எனக்குக் கவலை, இதை முதல் நாளே யாராவது செய்துபார்ப்பது. இருங்காட்டுக்கோட்டைத் தடமானாலும் கோவை கரி தடமானாலும், புதிதாக வருகிறவர் முதலில் பிரேக்கை நேர்கோட்டிலேயே பிடித்து முடித்து, விட்டு, பிறகு திருப்பப் பழக வேண்டும். உதாரணமாக 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில், 1 ஜி பிடிப்புள்ள டயரோடு போகக்கூடிய உச்ச வேகம் சுமார் 80 கிலோமீட்டர். 200-லிருந்து 80-க்கு இறக்க 1 ஜி பிரேக்கில் ஏறக்குறைய 132 மீட்டர் வேண்டும். பழகுகிறவர் வளைவுக்கு 200 மீட்டர் முன்னால் இருக்கும் தூரப்பலகையிலேயே தொடங்கட்டும். 80-க்குப் பதில் 88-ல் நுழைந்தால் தேவை 1.21 ஜி. வேகத்தில் பத்து விழுக்காடு பிசகு, பிடிப்பில் இருபத்தொரு விழுக்காடாக வந்து நிற்கிறது. இது கைவந்த பிறகு, நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு வளைவில், கடைசி 10 விழுக்காடு அழுத்தத்தை மட்டும் உள்ளே கொண்டுபோய்ப் பார்க்கலாம்.

எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும் போர்ஷே 911 போன்ற காரில் கூடுதல் எச்சரிக்கை. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலேட்டரையோ பிரேக்கையோ சட்டென்று மாற்றினால், பின்னால் இருக்கும் அந்த எடை ஊசல் குண்டு மாதிரி இழுத்துக்கொண்டு போகும்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ஆயில், எங்கள் கடற்கரைக் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவே இல்லை. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரை வரை போகும். அப்போது வடிப்பதற்கு பிரேக்கே இருக்காது. தடத்துக்குப் போகுமுன் ஆயிலைப் புதிதாக மாற்றி, காற்றெடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஓடி முடித்த கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் கைபிரேக் போடாமல் கியரில் விட வேண்டும்.

பட்டுக்கோட்டையிலிருந்து:

தம்பி கேட்ட தடங்கலுக்கு: பட்டறையில் 'ஆயிலை வடி' என்பார்களே தவிர 'பிரேக்கை வடி' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிரேக்கில் 'ஏர் எடுக்கிறது'தான் வழக்கம். குழப்பம் வராது. வடிபிரேக்குக்கு என் முழுச் சம்மதம்.

விளக்கத்தில் பெடலை மிதிக்கும் விதத்தையும் சேருங்கள். முதல் மிதியை அடித்து மிதிக்கக் கூடாது. பாரம் முன்னால் வந்து சேருமுன் முழு அழுத்தம் போனால், ஏபிஎஸ் இல்லாத காரில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். விரைவாக, ஆனால் அமுக்கி ஏற்ற வேண்டும். ஏற்றுவது விரைவு, வடிப்பது நிதானம்.

கும்பகோணத்திலிருந்து:

'தேய்தடை'யைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

வடிபிரேக் (பெயர்), பிரேக்கை வடியவிடு (வினை), 'வடி' (பயிற்றுநர் கட்டளை): நேர்கோட்டில் ஏற்றிய பிரேக் அழுத்தத்தை, ஸ்டியரிங் திருப்பம் கூடும் அளவுக்கு ஏற்பக் குறைத்து, தொடுபுள்ளியில் முழுவதும் விடுதல். முன்பாரத்தைக் காத்து முன் டயரின் பிடிப்பைத் தக்கவைக்க. நேர்கோட்டு பிரேக் பழகியவர்க்கு மட்டும். எதிர்ச்சொல்: வெட்டிவிடுதல்.

திருவாரூர் அன்பரின் தேர் இன்னும் மனத்தில் நிற்கிறது. அண்டர்ஸ்டியருக்கு 'குறைத்திருப்பம்' என்று வைத்திருப்பது ஓட்டுநர் குறைவாகத் திருப்பினார் என்று தவறாகப் பொருள்படுகிறது. அவர் திருப்பித்தான் இருக்கிறார், மூக்குதான் கேட்கவில்லை. தேர் முனை திரும்பாமல் நேரே போகப் பார்ப்பதற்கு வடம் பிடிப்பவர்களிடமோ கட்டை போடுபவர்களிடமோ தனிச்சொல் இருந்தால் அனுப்புங்கள்.